‘அவுட்’ சொல்லத் தயங்கிய சிறுமி: பல்லடம் பக்கத்து டென்னிஸ் கூடம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூர் மாவட்டத்தில் பல்லடம் பக்கம் இரண்டு செம்மண் கோர்ட்டுகள் உள்ள சிறிய பயிற்சிக் கூடம் அது. சிறுமிக்கு 10 வயது, ஐந்தாம் வகுப்பு. அப்பா ஒரு சிறிய பனியன் தையல் யூனிட் நடத்துகிறார். அம்மா அதே யூனிட்டில் செக்கிங் பார்த்துக்கொள்கிறார். ஏழு வயதில் கோடை முகாமுக்கு வந்தவள் அதன்பின் நிற்கவில்லை. வாரத்தில் நான்கு நாள் மாலை வருவாள்.

கூடையிலிருந்து பந்து எடுத்துப் போட்டால் அவள் ஆட்டம் நன்றாகவே இருக்கும். ஃபோர்ஹேண்டில் தோள் முழுதாகத் திரும்பும், கால்கள் சரியான இடத்துக்குப் போகும். ஆட்டத்தில் இறங்கினால் வேறு குழந்தை. 12 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் நான்கு முறை கலந்துகொண்டு நான்கிலும் முதல் சுற்றோடு திரும்பினாள். அடியில் வேகம் போதவில்லை, தனிப் பயிற்சி வைத்தால் சரியாகும் என்பது அப்பாவின் முடிவு. அதற்காகப் பெரியவர்கள் பிடிக்கும் 27 அங்குல ராக்கெட் ஒன்றையும் வாங்கியிருந்தார். டென்னிஸை நிறுத்திவிட்டு டியூஷனில் சேர்க்கலாம் என்று அம்மா நினைத்தார். பதில் தெரிந்தும் வகுப்பில் வாய் திறப்பதில்லை என்று பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பியிருந்ததே காரணம்.

வேறொன்றையும் முதலில் பார்க்க வேண்டியிருந்தது. சில குழந்தைகளுக்கு வீட்டுக்கு வெளியே பேச்சே எழாது. அவர்களுக்கு மருத்துவரின் உதவி வேண்டும், விளையாட்டுப் பயிற்சி அதற்கு மாற்று ஆகாது. இவள் விஷயம் அப்படியில்லை என்பது பெற்றோரிடமும் வகுப்பாசிரியையிடமும் விசாரித்ததில் தெரிந்தது. வீட்டிலும் நெருங்கிய தோழிகளிடமும் தாராளமாகப் பேசுகிறாள், ஆசிரியை தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் பதில் வருகிறது, காதும் நன்றாகக் கேட்கிறது. நான்கு பேர் பார்க்க ஒரு முடிவைச் சத்தமாகச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் குரல் அடங்கிவிடுகிறது.

கவனித்தவை

ஜூனில் பள்ளி திறந்ததும் தலைமைப் பயிற்சியாளர் அவளுடைய பயிற்சி ஆட்டங்களைக் கோர்ட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தார். அடிகளை விட்டுவிட்டு நான்கு விஷயங்களை மட்டும் நோட்டில் குறித்தார்: சர்வ் செய்யுமுன் ஸ்கோர் சொல்கிறாளா, சொன்னால் எதிரில் நிற்பவளுக்குக் கேட்கிறதா, கோட்டருகே விழும் பந்துக்கு என்ன சொல்கிறாள், டபுள் ஃபால்ட்டுக்கு (இரண்டு சர்வ் வாய்ப்பும் தவறிப் புள்ளி போவதற்கு) முன்னால் என்ன நடக்கிறது.

இந்த வயதுப் போட்டிகளில் பெரும்பாலும் கோர்ட்டில் அம்பயர் இருப்பதில்லை. நெட்டுக்குத் தன் பக்கம் விழும் பந்துக்கு அவரவரே தீர்ப்புச் சொல்ல வேண்டும். வெளியே விழுந்தால் உடனே, எதிராளிக்குக் கேட்கும்படி ‘அவுட்’ என்று சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் பந்து உள்ளே விழுந்ததாகவே கணக்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் சர்வ் செய்பவர் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பத்து வயதில் இவ்வளவு பொறுப்பைத் தனியாகச் சுமக்க வைக்கும் விளையாட்டுகள் குறைவு. குழந்தைக்கு டென்னிஸ் தரும் தன்னம்பிக்கை பெரும்பாலும் இந்த இடத்தில்தான் உருவாகிறது. பயிற்சி தராமல் விட்டால் உடைவதும் இதே இடத்தில்தான்.

இவள் ஸ்கோர் சொன்னாள், ஆனால் உதடு மட்டும் அசைந்தது. எதிரில் நின்றவள் சொன்ன கணக்கே செல்லுபடியானது. ஒருமுறை எதிராளி அடித்த பந்து பேஸ்லைன் என்னும் பின்கோட்டுக்கு நான்கு விரல் அகலம் வெளியே விழுந்தது. செம்மண்ணில் தடம் தெளிவாக இருந்தது. இவள் தடத்தைப் பார்த்தாள், எதிர்ப்பக்கம் பார்த்தாள். பிறகு ஷூ முனையால் தடத்தைத் தேய்த்து அழித்துவிட்டுப் பந்தை எடுத்து அனுப்பிவிட்டாள். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் கேட்டார்.

“அந்தப் பந்து எங்க கண்ணு விழுந்துச்சு?”

“வெளியதானுங் சார்.”

“அப்புறம் ஏன் பாயிண்ட்டக் குடுத்துட்டே?”

“அவுட்டுன்னா அவ கோவிச்சுக்குவாளுங்.”

பார்வையிலோ விதி அறிவிலோ குறை இல்லை என்பது இந்தப் பதிலில் உறுதியானது. நோட்டில் தெரிந்த மற்ற இரண்டு விஷயங்களும் இதோடு சேர்ந்தவைதான். சர்வ் செய்யும்போது டாஸ், அதாவது அடிப்பதற்காக மேலே எறியும் பந்து, எவ்வளவு கோணலாகப் போனாலும் அதைத் துரத்திப் போய் அடித்தாள். எறிந்த பந்தை அடிக்க முயலாமல் பிடித்துக்கொண்டால் அது ஃபால்ட் ஆகாது என்று விதி இருக்கிறது. அது அவளுக்குத் தெரியும், ஆனால் இன்னொருத்தியைக் காக்க வைக்க மனம் வரவில்லை. இரண்டாவது, ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் அவள் கண் கம்பிவேலிக்குப் போனது. அங்கே அப்பா நின்றிருப்பார். “பாத்துட்டே நிக்கறியே கண்ணு, அடி!” என்று குரல் வரும். மகள் மேலுள்ள அக்கறையில் சொன்ன வார்த்தைதான். ஆனால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு வேலிக்கு வெளியே இருக்கிறது என்பதை அவளுக்குத் தினமும் கற்றுக்கொடுத்ததும் அதுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பந்தும் ராக்கெட்டும். போட்டிகளை அக்டோபர் வரை நிறுத்தி வைத்தார்கள். பயிற்சி ஆட்டங்களில் மஞ்சள் பந்துக்குப் பதில் பச்சைப் புள்ளிப் பந்து வந்தது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் வகைப்படி சிவப்புப் பந்து வழக்கமான பந்தைவிட சுமார் 75 சதவீதம் மெதுவானது, ஆரஞ்சு 50, பச்சை 25. 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கான போட்டிகளில் மஞ்சள் பந்து கூடாது என்று 2012 ஜனவரி முதல் விதியே உண்டு. இவள் ஆடியது 12 வயதுப் பிரிவு என்பதால் மஞ்சள் பந்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. தோளுக்கு மேல் எழும் பந்தைத் துரத்தும் குழந்தைக்கு அது கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று பார்க்க நேரம் கிடையாது. நேரம் கிடைத்தால்தான் கண் தடத்தில் நிற்கும், கண் நின்றால்தான் வாய் உறுதியாகப் பேசும். குரல் பிரச்சினைக்கு முதல் மருந்தாகப் பந்தை மாற்றியதற்குக் காரணம் இதுதான்.

27 அங்குல ராக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டு, கூடத்திலிருந்த 26 அங்குல ராக்கெட் கொடுத்தார்கள். கையைத் தொங்கவிட்டு ராக்கெட்டைக் கீழ்நோக்கிப் பிடித்தால் அதன் முனை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். பழைய ராக்கெட்டோடு அவள் முழங்கையை மடக்க வேண்டியிருந்தது. அந்த நீளத்தில் சர்வ் அடிக்கும்போது மணிக்கட்டு சரிந்துபோகும்.

குரலுக்கான படிகள். முதல் கட்டத்தில் நெட்டுக்கு இருபுறமும் உள்ள சர்வீஸ் கோடுகளுக்கு இடையில் நின்று ஆரஞ்சுப் பந்தில் மெதுவான ரேலி, அதாவது மாற்றி மாற்றி விடாமல் அடிப்பது. தான் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் இருவரும் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். எண்ணுவதில் யாரையும் எதிர்க்க வேண்டியதில்லை என்பதால் குரல் தயங்காமல் வந்தது. இரண்டாம் கட்டத்தில் கைச்சைகை. வெளியே என்றால் ஆள்காட்டி விரலை மேலே தூக்க வேண்டும், உள்ளே என்றால் உள்ளங்கையைத் தரையைப் பார்த்து விரிக்க வேண்டும். முதலில் கை மட்டும் போதும். இரண்டு வாரம் கழித்துக் கையோடு சொல்லும் சேர வேண்டும். மூன்றாம் கட்டத்தில் ஸ்கோர். சர்வ் செய்பவள் சொன்னதை எதிரில் நிற்பவள் திருப்பிச் சொன்னால்தான் புள்ளி தொடங்கும். கேட்கவில்லை என்றால் அவள் கையைத் தூக்குவாள், மறுபடி சொல்ல வேண்டும். “சத்தமாப் பேசு” என்று பெரியவர் யாரும் சொல்லவேண்டிய தேவை இதனால் இல்லாமல் போனது.

நான்காம் கட்டம் தகராறு. ஆட்டத்தின் நடுவே எதிராளி வேண்டுமென்றே தவறான ஸ்கோரைச் சொல்வாள். இது பயிற்சி என்பது இருவருக்கும் முன்கூட்டியே தெரியும். சொல்லாமல் செய்து குழந்தையின் ‘எதிர்வினையைப் பார்ப்பது’ சில இடங்களில் நடக்கிறது, அது பயிற்சியாளர் மேலுள்ள நம்பிக்கையைக் கெடுக்கும். விதிப்படி இருவரும் ஒப்புக்கொள்ளும் புள்ளிகள் அப்படியே நிற்கும், தகராறுக்குரியது மட்டும் நீங்கும். ஒரு கேமுக்குள் ஒருவர் எடுக்கும் புள்ளிகள் 15, 30, 40 என்று எண்ணப்படும். ஒருத்தி 40-30 என்கிறாள், மற்றவள் 30-40 என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நெட் அருகே வந்து முதல் புள்ளியிலிருந்து யார் எப்படி எடுத்தது என்று சொல்லிப் பார்க்க வேண்டும். ஒரு புள்ளியில் மட்டும் ஒத்துவரவில்லை என்றால் 30-30 என்று தொடர வேண்டும். அப்போதும் முடியாவிட்டால் கையைத் தூக்கி, போட்டியை மேற்பார்க்கும் ரெஃப்ரியைக் கூப்பிட வேண்டும். கோபத்தில் கத்தாமலும் பயந்து விட்டுக்கொடுக்காமலும் இருக்க நடுவில் ஒரு வழிமுறை இருக்கிறது என்று தெரிந்ததே அவளுக்குப் பெரிய விடுதலை.

டாஸ். பத்து டாஸ் எறிந்தால் குறைந்தது மூன்றையாவது அடிக்காமல் பிடிக்க வேண்டும் என்று வைத்தார்கள். நல்ல டாஸையே பிடித்தாலும் சரி. நிறுத்துவது தப்பில்லை என்பதைக் கை பழக வேண்டும். புள்ளிகளுக்கு இடையே 25 வினாடி உண்டு. கோட்டில் நின்று, மூச்சு விட்டு, பந்தை இரண்டு முறை தட்டி, ஸ்கோர் சொல்லி, டாஸ் எறிய அது தாராளம்.

பெரியவர்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. அப்பா வேலியருகே நிற்பதில்லை என்று முடிவானது. அவர் முதலில் வருத்தப்பட்டார், பிறகு ஒத்துக்கொண்டார். அவருக்குப் பதில் அப்பாரு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பேத்தியைக் கூட்டிவந்தார். அவருக்கு டென்னிஸ் தெரியாது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார், முடிந்ததும் “பசிக்குதா கண்ணு?” என்று கேட்டுக் கடலை உருண்டையை நீட்டுவார், அவ்வளவுதான். ஆட்டம் முடிந்த கையோடு, வண்டியில் திரும்பும் வழியில், ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று வீட்டாரிடம் கேட்டுக்கொண்டார்கள். அவளாகப் பேசினால் கேட்கலாம்.

சிறு பொறுப்புகள். பையை அவளே அடுக்க வேண்டும்: ராக்கெட், தண்ணீர் பாட்டில், துண்டு, தொப்பி, மாற்று காலுறை. ஆடி முடித்ததும் சாக்கு இழுத்து மண்ணைச் சமப்படுத்தி, கோட்டுத் துடைப்பத்தால் சுண்ணாம்புக் கோட்டைத் துலக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

நடந்தது

முதல் சில வாரங்கள் நிலைமை மோசமானது. ‘அவுட்’ சொல்லப் பழகியவள் சந்தேகப் பந்துகளையும் அவுட் என்றாள். எதிராளியின் அம்மா ஒருவர் வந்து, “என்னங் சார், கோட்டு மேல விழுந்ததயே வெளியங்கறா” என்று குறைப்பட்டார். அவர் சொன்னது நியாயம். இவளைக் கண்டித்திருந்தால் பழையபடி உதட்டசைவுக்குப் போயிருப்பாள். பயிற்சியாளர் மறுபடி விதியைத்தான் எடுத்தார். தவறாக அவுட் சொன்னது தெரிந்தால் உடனே திருத்திச் சொல்லலாம். எதிராளியின் அடி புள்ளியை வென்றிருக்கக்கூடிய அடியாக இல்லாவிட்டால் முதல் தடவை அந்தப் புள்ளி மறுபடி ஆடப்படும், அதே ஆட்டத்தில் இன்னொரு தடவை என்றால் புள்ளி போய்விடும். சில நாள் கழித்து ஓர் ஆட்டத்தில் தடத்தருகே குனிந்து பார்த்து, நிமிர்ந்து, “சாரி, உள்ளதான்” என்றாள். கோர்ட்டின் மறுமுனை வரை அது கேட்டது. ‘அவுட்’ என்று சொன்னதைவிட இந்தத் திருத்தம்தான் முன்னேற்றத்தின் நல்ல அடையாளம் என்று நோட்டில் எழுதப்பட்டிருக்கிறது. சரியாகவே எழுதியிருக்கிறார்கள்.

திட்டத்தில் இல்லாத ஒன்றுதான் அதிகம் உதவியது. ஒரு சனிக்கிழமை உதவிப் பயிற்சியாளர் வரவில்லை. சிவப்புப் பந்தில் ஆடும் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு ஸ்கோர் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. நெட்டின் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார்கள். சுற்றி ஒரே இரைச்சல், வாண்டுகளுக்கு யார் எத்தனை எடுத்தார்கள் என்பதே தெரியாது. சத்தமாகச் சொல்லாவிட்டால் ஆட்டமே நடக்காது. பத்து நிமிடத்தில் அவள் குரல் பக்கத்துக் கோர்ட்டுக்குக் கேட்டது. தனக்காகக் கேட்கத் தயங்கும் குழந்தை பிறருக்குத் தேவை என்றால் தயங்குவதில்லை. இதைக் கண்டபின் அந்தச் சனிக்கிழமைப் பொறுப்பு அவளுக்கே நிரந்தரமானது.

இரட்டையர் ஆட்டமும் சேர்க்கப்பட்டது. கோவையில் பிறந்த ஸ்ரீராம் பாலாஜி 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரோகன் போபண்ணாவோடு இரட்டையர் ஆடியவர். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமான பெயர். இரட்டையர் ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு புள்ளிக்கு இடையிலும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதை வீடியோவில் காட்டினார்கள். நடுவில் வரும் பந்துக்கு ‘என்னுது’ என்று முந்திச் சொல்பவளே அடிக்க வேண்டும் என்பது கூடத்து விதி. இருவரும் சும்மா இருந்து பந்து நடுவே போனால் இரண்டு புள்ளி நஷ்டம்.

ஆடி பிறந்ததும் காற்று வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் எப்படி வீசும் என்று இங்குள்ள காற்றாலைகளைக் கேட்டால் தெரியும். வேலியில் கட்டிய பச்சைத் துணியை அவிழ்க்காவிட்டால் கம்பமே சாய்ந்துவிடும். வெயில் கண்ணில் படாதிருக்கக் கோர்ட்டை வடக்கு தெற்காகப் போட்டிருப்பதால் காற்று குறுக்கே அடிக்கும். வலக்கை ஆட்டக்காரி தெற்கு முனையில் நின்றால் டாஸ் வலப்பக்கம் உடம்பை விட்டு விலகிப்போகும். பக்கம் மாறி வடக்கு முனைக்குப் போனால் அதே காற்று பந்தை இடப்பக்கம், தலைக்கு மேல் தள்ளும். முதல் கேம், மூன்றாவது கேம் என்று ஒற்றைப்படை கேம்களுக்குப் பின் பக்கம் மாறும்போதெல்லாம் இது தலைகீழாகும். டபுள் ஃபால்ட்டுகள் கூடின, ஒரு நாள் அழுதுகொண்டே வெளியே வந்தாள். டாஸின் உயரத்தைக் குறைத்து, கை நீட்டினால் எட்டுவதற்குச் சற்று மேலே மட்டும் எறியச் சொன்னார்கள். சர்வ் விழ வேண்டிய கட்டமான சர்வீஸ் பாக்ஸின் மூலைகளை விட்டுவிட்டு நடுவைக் குறிவைக்கச் சொன்னார்கள். அந்த மாதத்தில்தான் டாஸைப் பிடிக்கும் பழக்கம் உண்மையில் படிந்தது. காற்று தணியும் வரை காத்திருப்பாள், பிடிப்பாள், மறுபடி ஸ்கோர் சொல்லி எறிவாள். எதிரில் நிற்பவள் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

விளைவு

ஆயுத பூஜை விடுமுறைக்குப் பிறகு கோவையில் நடந்த 12 வயதுக்குட்பட்டோர் போட்டியில் கலந்துகொண்டாள். மஞ்சள் பந்துக்கு மூன்று வாரம் முன்பே திரும்பியிருந்தார்கள். முதல் சுற்றில் வென்றாள், இரண்டாவது சுற்றில் தோற்றாள். அந்தத் தோல்வியின் நடுவில் ஒரு கேமில் ஸ்கோர் தகராறு வந்தது. நெட்டருகே போய்ப் புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள், எதிராளி இரண்டாவது புள்ளியை ஒத்துக்கொள்ளவில்லை. கையைத் தூக்கி ரெஃப்ரியைக் கூப்பிட்டாள். அவர் 30-30 என்று வைத்துத் தொடரச் சொன்னார். அந்த கேமை அவள் இழந்தாள். அடுத்த கேமை சர்வ் செய்யக் கோட்டுக்கு வந்தவளின் குரல் மாறவில்லை. வேலியருகே யாரையும் தேடவும் இல்லை. அப்பா அன்று வந்திருந்தார், பார்வையாளர் வரிசையின் கடைசியில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

பள்ளியில் என்ன மாறியது என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். பாடம் புரியாதபோது கையைத் தூக்கி “புரியலைங் மிஸ்” என்கிறாள் என்று ஆசிரியை அம்மாவிடம் சொன்னார். மேடையில் பேச இன்னும் முன்வருவதில்லை. இது முழுக்க டென்னிஸால் வந்தது என்று சொல்ல முடியாது. இடையில் அரை வயது கூடியிருக்கிறது, வகுப்பில் பக்கத்தில் உட்காரும் தோழியும் மாறியிருக்கிறாள். கோர்ட்டில் வந்த மாற்றத்துக்கு மட்டும் நோட்டு சாட்சி.

டியூஷனா டென்னிஸா என்ற பேச்சு வீட்டில் நின்றது. தனிப் பயிற்சி வைக்கவில்லை, அது தேவைப்படவும் இல்லை.

மாற்ற வேண்டியவை

பச்சைப் புள்ளிப் பந்துக்கு மாறுவதைக் குழந்தையிடமும் உடன் ஆடுபவர்களிடமும் முதலிலேயே விளக்க வேண்டும். இங்கே நேரே பந்தை மாற்றியதால் “சின்னப்புள்ளப் பந்து” என்று கேலி கிளம்பி, ஒரு வாரம் அவள் வர மறுத்தாள். அடுத்த முறை அந்தக் குழு முழுவதும் சேர்ந்து மாறும்.

சிறு குழந்தைகளுக்கு ஸ்கோர் சொல்லும் பொறுப்பைத் தற்செயலுக்கு விடாமல் முதல் வாரத்திலேயே தரலாம். நாற்காலியில் உட்கார்ந்து பிறர் ஆட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்வது, தன் ஆட்டத்துக்குச் சொல்வதைவிட எளிது. எளியதிலிருந்து தொடங்குவதே முறை.

டாஸைப் பிடிப்பது சர்வ் கற்றுத்தரும் முதல் நாளிலேயே எல்லாக் குழந்தைகளுக்கும் வர வேண்டும். இந்தப் பகுதியில் சர்வ் வேலையைச் சித்திரை, வைகாசியிலேயே தொடங்கினால் ஆடிக் காற்றுக்குள் டாஸ் ஓரளவு நிலைப்பட்டிருக்கும்.

பெற்றோரிடம் பேசுவது திட்டத்தின் கடைசி அம்சமாக இருக்கக்கூடாது. வேலியிலிருந்து குரல் வேண்டாம், வண்டியில் ஆட்டப் பேச்சு வேண்டாம் என்ற இரண்டையும் சேரும் நாளிலேயே எழுதிக் கொடுத்தால், பின்னால் தன்னை மட்டும் தனியே ஒதுக்கியதாக எந்த அப்பாவும் நினைக்க மாட்டார்.

எதிரில் நின்ற குழந்தைகளுக்கும் நோட்டில் ஒரு பக்கம் வேண்டும். இவளுக்குப் பதில் எப்போதும் ஸ்கோர் சொல்லிவந்த தோழி, தகராறுப் பயிற்சிக்குப் பிறகு தான் சொல்வதை யாராவது மறுத்தால் தடுமாறினாள். அவளுக்கும் இதே படிகள் தேவைப்பட்டன, எதிர்த்திசையில்: கேட்பது, தடத்தைப் போய்ப் பார்ப்பது, ஒத்துக்கொள்வது. அந்த வேலை டிசம்பரில்தான் தொடங்கியது.